ரோஸ்கில்லில் தயாராகாத தேயிலை

மேல் டிவிஷனை மூடப்போகிறார்கள் என்ற செய்தி திங்கட்கிழமை காலை ரோஸ்கில் எஸ்டேட் ஆபீசுக்கு பேக்ஸில் வந்தது. அதைக் கிழித்து எடுத்தவள் சுசீலா. படித்தவளும் அவள்தான். வேறு யாருக்கும் அந்த நேரத்தில் ஆபீசில் வேலை இல்லை. பச்சைக் கொழுந்து விலை விழுந்து மூன்று வருடமாகிறது. பேக்டரி வாரத்துக்கு இரண்டு நாள் ஓடினால் அதுவே பெரிய ஓட்டம். கிளார்க்குகளில் பாதிப்பேர் கோத்தகிரிக்கும் கோயமுத்தூருக்கும் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள்.

பேக்ஸில் இருந்தது இதுதான். இருபது வருடம் இடைவெளி இல்லாமல் வேலை பார்த்தவர்களைக் கீழ் டிவிஷனுக்கு மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் அடுத்த மாதக் கடைசிக்குள் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கணக்கு கம்ப்யூட்டரில் உள்ளபடி. பட்டியல் வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஹெட் ஆபீசுக்கு வர வேண்டும்.

பட்டியல் எடுக்கும் வேலை சுசீலாவுடையது. ஊட்டி அரசு கல்லூரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து, மேல் டிவிஷன் லைனிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் என்று எஸ்டேட்டே பெருமைப்பட்டு, அந்தப் பெருமைக்குப் பரிசாக டெம்பரரி ஆபரேட்டர் வேலை கொடுத்திருந்தது. மூலையில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு மூடிய பழைய மிஷினை அவள் திறந்தாள். 1990இல் வாங்கியது. கருப்புத் திரையில் பச்சை எழுத்து. உள்ளே பாக்ஸ்புரோவில் எழுதிய செக்ரோல் புரோகிராம், அதாவது எந்த எண்ணுக்கு யார், என்றைக்கு வேலைக்கு வந்தார், என்றைக்கு லீவு என்ற முழு ஜாதகம். ஹார்ட் டிஸ்க் சுற்றும்போது முறத்தில் கல் புடைப்பது போல ஒரு சத்தம் வந்தது. ஒரு மாதமாகவே அப்படித்தான்.

மேல் டிவிஷனில் நூற்று நான்கு பெண்கள். பட்டியலில் வந்தது முப்பத்தொன்பது பேர். சுசீலா மேலிருந்து கீழே ஒரு முறையும் கீழிருந்து மேலே ஒரு முறையும் படித்தாள். அவள் அம்மா சுப்பம்மாவின் பெயர் இல்லை.

ஹெட் கிளார்க் எட்மண்ட் டீக் கிளாசோடு வந்தார்.

"சார், எங்கம்மா பேரு வரல."

"எப்படி வருங்கறே? எண்பத்தாறுலதான உங்கம்மா பேரு ஏறுச்சு. பதினஞ்சு வருசந்தான் ஆகுது."

"எழுபத்தெட்டுல சிலோன்ல இருந்து வந்து எறங்கின மறுவாரமே கூடை மாட்டினாங்க. தெனமும் மஸ்டர்ல பேரு கூப்பிட்டது நீங்கதான சார்?"

"நான் அங்காயின்னு கூப்பிட்டேன். உங்கம்மா 'இருக்கேங்க'ன்னா. அதுக்கு நான் என்ன பண்றது?"

இதில் ஒளிவுமறைவே கிடையாது. எஸ்டேட்டில் நிரந்தர எண்கள் எண்ணி வைத்தவை. ஒரு எண்ணுக்குரிய ஆள் ஒரு சீசன் வராமல் போனால் எண்ணை அடித்துவிடுவார்கள், வீடும் போய்விடும். அதனால் மூத்தவளுக்கு முட்டி வலித்தால் அந்த வீட்டில் கை சுறுசுறுப்பாக இருக்கிற யாராவது அவள் பெயரில் கொழுந்தெடுக்கப் போவாள். வேலையை மேற்பார்க்கிற மேஸ்திரிக்குத் தெரியும், கிளார்க்குக்குத் தெரியும், துரைக்குத் தெரிந்தும் தெரியாது. அங்காயி சுசீலாவின் அப்பாவுக்குப் பெரியம்மா, பிள்ளை இல்லாத விதவை. எண் 412 அவளுடையது. அவள் அறுபது வயதில் ரிட்டயர் ஆகும்வரை எட்டு வருடம் அந்த எண்ணில் கொழுந்து கிள்ளியது சுப்பம்மாவின் விரல்கள். எண்பத்தாறில்தான் 412ஐ மூடி அவள் பெயருக்குப் புது எண் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரும் அன்றிலிருந்துதான் அவளை எண்ணியது.

"பழைய செக்ரோல் புஸ்தகம் எங்க சார் இருக்கு? மேஸ்திரி கையெழுத்து இருக்குமில்ல?"

"கம்ப்யூட்டர்ல ஏத்தினதும் டிரையர் அடுப்புல போடச் சொல்லிட்டாங்க. அன்னிக்கு வேற வெறகு ஈரம். நல்லா எரிஞ்சுது" என்றார் எட்மண்ட். வேடிக்கையாகச் சொல்ல நினைத்துத் தொடங்கியவர் சுசீலாவின் முகத்தைப் பார்த்து டீயைக் குடித்தார்.

லைனில் இந்தக் கதி இவர்கள் வீட்டுக்கு மட்டுமில்லை. சாயங்காலத்துக்குள் பத்துப் பதினைந்து பெண்கள் ஆபீஸ் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சுசீலாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். படிக்க வைத்தது இதற்குத்தானா, சொந்த அம்மாவை விட்டுவிட்டுப் பட்டியல் அடிக்கவா என்று ஒருத்தியாவது கேட்டிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் அவள் மெனுவை விட்டு வெளியே வந்து புரோகிராமையே திறந்து பார்த்தாள். இத்தனை மாதம் அவள் அதைத் தொட்டதில்லை. பழைய குப்பை என்று நினைத்திருந்தாள். கல்லூரியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

முதல் வரிகள் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். 'எழுதியது ஜெஸிந்தா, செக்ரோல் கிளார்க், ரோஸ்கில். 1991 பிப்ரவரி. திறப்பவர் அவசரப்பட வேண்டாம்.' அதற்குக் கீழே ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ஒரு குறிப்பு. 'இந்த எஸ்டேட்டில் ஒரே பெயரில் பதினேழு பேர் உண்டு. பெயரை நம்பாதே, எண்ணையும் லைன் வீட்டையும் சேர்த்துப் பார்.' 'மழை வந்து பாதியில் அனுப்பிய நாள் வேலை நாள்தான். லீவில் சேர்க்காதே.' 'ஆள் செத்தாலும் பெயரை அழிக்காதே. எண்ணை மட்டும் மூடு.'

சுசீலா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மூன்று வருடம் கல்லூரியில் படித்து அவள் எழுதிய எந்த புரோகிராமும் இந்த ஒழுங்கில் இருந்ததில்லை. குறிப்பு எழுத வேண்டும் என்று வாத்தியார் சொல்வார், மார்க் வாங்க இரண்டு வரி எழுதுவார்கள், அவ்வளவுதான். இங்கே ஒருத்தி யாருமே மார்க் போடாத இடத்தில் உட்கார்ந்து, பத்து வருடம் கழித்து வரப்போகிற முகம் தெரியாத ஆளுக்காக எழுதி வைத்திருக்கிறாள். ஜெஸிந்தா படித்தது டைப்ரைட்டிங் என்று எட்மண்ட் சொன்னார். பத்தாவது பாஸ். புரோகிராம் எழுதியது ஒரு புத்தகத்தைப் பார்த்து. அதுவும் கோத்தகிரியில் பொட்டலம் மடிக்க வைத்திருந்த கடையிலிருந்து எடுத்தது.

மேல் டிவிஷன் பைலை விரித்தபோது, மெனுவில் வராத ஒரு பத்தி கடைசியில் இருந்தது. குறிப்பு எழுதுகிற மெமோ பத்தி. அதில் குறிப்பு இருந்தால் ஒரு மாதிரியும் காலியாக இருந்தால் வேறு மாதிரியும் திரை காட்டும். அறுபது எழுபது பெயர்களில் குறிப்பு இருந்தது. அம்மா பெயரில் இருந்தது. மூடிவிட்ட 412 அங்காயி பெயரிலும் இருந்தது.

அவள் திறக்கும் விசையை அழுத்தினாள். ஹார்ட் டிஸ்க் கல் புடைத்தது. நின்றது. மறுபடி புடைத்தது. பைலைப் படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது.

பாக்ஸ்புரோவில் மெமோ தனி பைல். பெயரும் தேதியும் ஒரு பைலில் இருக்கும், நீளமாக எழுதிய குறிப்பெல்லாம் பக்கத்தில் இன்னொரு பைலில் போய் உட்காரும். டிஸ்க் கெட்டுப்போன இடம் சரியாக அந்த இரண்டாவது பைலின் மேல் விழுந்திருக்கிறது. போன மாதம் கோயமுத்தூரிலிருந்து புது சாப்ட்வேர் போட வந்த கீர்த்திவாசன் முதல் பைலை மட்டும் எடுத்துப் போய் எக்ஸெலில் கொட்டியிருந்தான். அவனுடைய பட்டியலில் இந்தப் பத்தியே கிடையாது. வெள்ளிக்கிழமை அவன் புது மிஷினோடு வருவான், பழையதைத் தூக்கிக் காயலான் கடைக்குப் போடுவான்.

ஆபீஸ் போனில் அவனையே முதலில் கூப்பிட்டாள்.

"அதெல்லாம் இப்ப யாரும் தொடறதில்லீங்க மேடம். மியூசியத்துல வெக்கோணும்" என்று சிரித்தான்.

"சிரிக்கறத விட்டுட்டு வழி இருந்தா சொல்லுங்க."

"பேக்கப் இருக்குங்களா?"

"தெரியல."

"அப்ப வழியும் தெரியலீங்க."

காந்திபுரத்தில் ஒரு கடைக்காரர், முதலில் விண்டோசுக்கு மாறுங்கள், அப்புறம் பேசலாம் என்றார். இன்னொருவர் டிஸ்கைக் கழற்றி அனுப்பினால் பதினைந்து நாளில் பார்க்கலாம், கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்றார். வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. புரோகிராமுக்கு முதலில் சர்வீஸ் செய்த கம்பெனியின் போனில் இப்போது ஒரு பல் டாக்டர் இருந்தார். சுசீலா ரிசீவரை வைத்த வேகத்தில் எட்மண்டின் கிளாஸ் ஆடியது.

"போனு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் அவர். பிறகு, அவளைப் பார்க்காமல், "ஜெஸிந்தா மேட்டுப்பாளையத்துலதான் இருக்கறா. உருளைக்கெழங்கு மண்டில பில் போடறா" என்றார்.

"இத காலையிலயே சொல்லியிருக்கலாமில்ல சார்?"

"காலையில நீ கேக்கல. தவிர, அவ போறப்ப எங்கிட்டப் பேசாமத்தான் போனா."

புதன்கிழமை லீவு போட்டுக் கோத்தகிரி பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கினாள். மலையில் ஸ்வெட்டர், கீழே வேர்வை. மண்டிக்குள் மூட்டை சுமக்கிறவர்கள் வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் கம்பித் தடுப்புக்குள் நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு வயதில் ஒரு அம்மாள், தலையைத் தூக்காமல் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். திரை கருப்பு. எழுத்து பச்சை.

சுசீலா நின்று பார்த்தாள். எந்தத் தோட்டத்து மூட்டை, எந்தக் குறி, எத்தனை அழுகல் கழிவு, எந்த லாரி. ஆள் வாயைத் திறப்பதற்குள் சீட்டு வெளியே வந்தது. ஊரெல்லாம் செத்துப்போனது என்று சொன்ன சாமான் இங்கே நாளைக்கு நானூறு மூட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"என்ன கெழங்கு?" என்றார் அந்த அம்மாள்.

"கெழங்கு இல்லீங்க. ரோஸ்கில்ல இருந்து வர்றேன்."

"இன்னும் இடிஞ்சு விழலியா அது?"

"மேல் டிவிஷன் விழப்போவுது." சுசீலா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். 412 என்றதும் ஜெஸிந்தாவின் விரல் நின்றது.

"சுப்பம்மா மகளா நீ?" அவர் கம்பிக் கதவைத் திறந்து ஒரு ஸ்டூலைத் தள்ளினார். "காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தந்தாங்களா?"

"ஒரு பாடம் இருந்துச்சுங்க. பரீட்சைக்கு வராதுன்னு விட்டுட்டாங்க."

"நல்ல காலேஜு." அவர் அடுத்த சீட்டைக் கிழித்து லாரிக்காரனிடம் கொடுத்தார். "புஸ்தகத்துல என்ன பேரு இருக்கோ அத மட்டும் ஏத்துன்னு உத்தரவு. ஏத்துனேன். ஆனா மேஸ்திரி ஓரத்துல பென்சில்ல கிறுக்கி வெச்சிருந்தான், இன்னாருக்குப் பதிலா இன்னாருன்னு. புஸ்தகம் அடுப்புக்குப் போவப்போவுது. அது தெரிஞ்சும் எப்படி விடறது? சாயங்காலம் எடை போடற எடத்துல நின்னு ஒவ்வொருத்தியா கேட்டேன், நீ யாரு பேருல எடுத்தே, எப்ப இருந்துன்னு. எட்மண்டு சிரிச்சான். சென்சஸ் எடுக்கறான்னு பேரு வெச்சான்."

"அந்தக் குறிப்பு பைலு போச்சுங்க. டிஸ்க் கெட்டுருச்சு."

"போகட்டும். டிஸ்க நம்பியா அந்த ஊருல பொழைக்க முடியும்? ஆபீஸ் பீரோவுல பிளாப்பி வெச்சா ஒரே மழைக்கு வெள்ளையா பூஞ்சை பூத்துரும். எஸ்டேட்டுலயே ஈரம் இல்லாத எடம் எது, சொல்லு பாக்கலாம்."

சுசீலா யோசித்தாள். "சாம்பிள் ரூம்."

ஒவ்வொரு தடவை தேயிலை அனுப்பும்போதும் கொஞ்சம் எடுத்து, காற்றுப் புகாத தகர டப்பாவில் போட்டு, ரகத்தையும் தேதியையும் எழுதி அடுக்கி வைக்கிற அறை அது. தேயிலைக்கு ஈரம் ஆகாது. பிளாப்பிக்கும் ஆகாது.

"மேல் தட்டு, சன்னல் பக்கம்" என்றார் ஜெஸிந்தா. "ஓ.பி.ன்னு எழுதியிருக்கும்."

"நம்ம பேக்டரி அரைச்சு உருட்டற தூள் பேக்டரியாச்சே. ஆரஞ்சு பீக்கோ முழு இலைத் தேயிலை. அது நாம போடறதே இல்லீங்களே."

"போட்டா எவனாவது வந்து தொறந்து பாப்பானே." ஜெஸிந்தா முதல் முறையாகச் சிரித்தார். "எல்லா டிவிஷனுக்கும் ஒண்ணொண்ணு, மொத்தம் நாலு. போ, பஸ்ஸ விட்றாதே. எனக்கு இங்க முப்பது மூட்டை நிக்குது."

பஸ் ஏறி கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றிக்கொண்டு வந்தபோது சுசீலாவுக்குக் கோபமாகத்தான் இருந்தது. இப்படி ஒரு மூளையைக் கடைசி கிரேடு கிளார்க்காகவே வைத்திருந்து கிழங்கு மண்டிக்குத் துரத்தியிருக்கிறார்கள். அந்த அம்மாளுக்கு அதில் பெரிய வருத்தம் இருந்த மாதிரியும் தெரியவில்லை. அதற்கும் சேர்த்து இவள் கோபப்பட்டாள்.

வியாழக்கிழமை பேக்டரி ஓடாத நாள். சாம்பிள் அறைக்குள் கால் வைத்தாள். சுவரில் ஈரம் பூத்திருந்தது. தட்டுகள் பாதி காலி. வாசலில் டப்பாக்கள் கயிற்றில் கட்டிக் கிடந்தன, தகரக்காரன் மத்தியானம் வருகிறானாம். மேல் தட்டு, சன்னல் பக்கம், ஒன்றுமே இல்லை. கட்டுகளை அவிழ்த்து ஒவ்வொரு டப்பாவாகப் புரட்டினாள். தூள், தூள், சிவப்புத் தூள்.

"என்ன தேடற சுசீலா?" டீ மேக்கர் லிங்கசாமி நின்றுகொண்டிருந்தார். பேக்டரியில் தேயிலை தயாரிப்பது முழுக்க அவர் பொறுப்பு. இப்போது தயாரிக்கக் கொழுந்து வராததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதே அவருடைய வேலை.

"ஒரு டப்பா. மேல இருந்துச்சாம். ஓ.பி.ன்னு போட்டிருக்குமாம்."

அவர் தன் அறைக்குப் போய், ருசி பார்க்கிற கோப்பைகள் வைக்கும் அலமாரியைத் திறந்தார். உள்ளே நாற்பது வாட்ஸ் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கோப்பைகளுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தார். சூடாக இருந்தது.

"டிரையர் தெனமும் ஓடற வரைக்கும் அந்த ரூமு காய்ஞ்சு கெடந்துச்சு. இப்ப ரெண்டு நாள் ஓடுது, அஞ்சு நாள் ஈரம். அதான் இங்க கொண்டாந்தேன். ஜெஸிந்தா போறப்ப, மழை முடிஞ்சா உள்ள இருக்கற தூளு முடிச்ச மட்டும் மாத்தி வையின்னு சொல்லிட்டுப் போனாங்க. வருசா வருசம் மாத்தறேன்."

"உள்ள என்ன இருக்குன்னு தெரியுமாங்க?"

"தட்டையா என்னமோ இருக்கு. கேக்கல." கொஞ்சம் தள்ளி நின்று சொன்னார்: "ஓ.பி. இல்லைன்னு மட்டும் தெரியும்."

நான்கு பெரிய பிளாப்பிகள். நடுவில், துணியில் கட்டிய உலர்ந்த தேயிலைத் தூள் முடிச்சு, ஈரத்தை இழுத்துக்கொள்ள. ஒரு புள்ளிப் பூஞ்சை இல்லை. டிஸ்பென்சரியில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்து பழைய மிஷினின் பிளாப்பி வாயைத் துடைத்தாள். எட்மண்ட் எழுந்து வந்து பின்னால் நின்றார். முதல் பிளாப்பி படித்தது. இரண்டாவதும் படித்தது. மூன்றாவதுதான் மேல் டிவிஷன்.

மூன்றாவது படிக்கவில்லை.

துடைத்துப் போட்டாள், திருப்பிப் போட்டாள், மூச்சை அடக்கிக்கொண்டு போட்டாள். எட்மண்ட் தொண்டையைச் செருமினார். "பத்து வருசமாச்சே" என்றார் மெதுவாக. சுசீலா நான்காவதைச் செருகினாள், சும்மா, கைக்கு ஒரு வேலை வேண்டுமே என்று. அதில் இருந்த பைல்களின் பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. நான்காம் டிவிஷன். அதன் கீழேயே மூன்றாம் டிவிஷன்.

அவள் மறுபடி இரண்டாவதைப் போட்டுப் பார்த்தாள். அதில் இரண்டும் ஒன்றும் இருந்தன. முதலாவதில் ஒன்றும் நான்கும். ஒவ்வொரு பிளாப்பியிலும் அந்தந்த டிவிஷனும், அதற்கு முந்தைய டிவிஷனின் நகலும். எந்த ஒன்று கெட்டாலும் பக்கத்திலிருப்பது அதைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மஸ்டர் வரிசையில் ஒருத்தி வராவிட்டால் பக்கத்தில் நிற்பவள் 'இருக்கேங்க' என்று சொல்வது மாதிரி.

"சார்" என்றாள் சுசீலா. "இவங்களப் பாத்தா நீங்க சிரிச்சீங்க?"

எட்மண்ட் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். "அப்ப எனக்கு விவரம் பத்தல" என்றார்.

அவள் 412ஐத் திறந்தாள். 'அங்காயி பெயரில் கொழுந்தெடுத்தது சுப்பம்மா, சிலோனிலிருந்து வந்தவள், 1978 மார்ச் முதல் 1986 வரை. மேஸ்திரி பென்சில் குறிப்பு உண்டு, நானே பார்த்தேன். யாராவது சந்தேகப்பட்டால் 1980 லீவு பைலைப் பார்.' லீவு பைல் கெடாமல் இருந்தது. அவள் பார்த்தாள். ஒரு முறை பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பிரிண்டரைப் போட்டு, வெள்ளிக்கிழமை காலைக்குள் மூன்றடி நீளத் தாளை மடித்து வைத்தாள்.

கீர்த்திவாசன் பத்து மணிக்குப் புது மிஷினோடு வந்தான். தாளைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான், பிளாப்பிகளில் நகல் போட்டிருந்த விதத்தைக் கேட்டுவிட்டுத் தாளை மறுபடி கையில் எடுத்தான். "மேடம், இத எழுதுனவங்க எங்கீங்க வேலை பாக்கறாங்க?"

"கெழங்கு மண்டில."

"நாங்க இதுக்குத் தனியா ரெண்டு பேரு போட்டு வேலை வாங்கறமுங்க" என்றான் அவன். மேனேஜர் அறைக்கு அவளோடு தானாகவே வந்தான்.

மேனேஜர் வடிவேல் கெட்டவர் இல்லை. ஹெட் ஆபீசுக்குப் பயந்தவர், அவ்வளவுதான். தாளைப் புரட்டிவிட்டுத் திருப்பித் தள்ளினார். "ஒரு கிளார்க் எழுதி வெச்ச குறிப்பு இது. கம்ப்யூட்டர்ல உள்ளபடின்னு சொல்லியிருக்காங்க."

"இதுவும் கம்ப்யூட்டர்ல உள்ளதுதான் சார்" என்றான் கீர்த்திவாசன். "பைலு ரெண்டு. நான் ஒண்ண மட்டும் எடுத்துட்டுப் போயிட்டேன். தப்பு எம்மேலதான்."

"இருந்தாலும் ஆதாரம் வேணுமில்ல. யாரு பேருல யாரு வேலை பாத்தாங்கன்னு இப்ப எப்படி நிரூபிக்கறது?"

சுசீலா தனியாக வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மேஜை மேல் விரித்தாள். "இது குறிப்பு இல்ல சார். லீவு பைல். இந்த ஆபீஸ் சாங்ஷன் பண்ணது. படிங்க."

"எண் 412. அங்காயி. 1980 ஆகஸ்டு..." அவர் நிறுத்தினார்.

"படிங்க சார்."

"பன்னெண்டு வாரம். மகப்பேறு லீவு."

"அங்காயிக்கு அப்ப வயசு அம்பத்துநாலு. உங்க பைலுலயே இருக்கு. புருசன் செத்து இருவது வருசம். இந்த எஸ்டேட் அவங்களுக்குப் பிரசவ லீவு குடுத்திருக்கு. அவங்கதான் வேலை பாத்தாங்கன்னு நீங்க ஹெட் ஆபீசுக்கு எழுதறதா இருந்தா, அம்பத்துநாலு வயசு விதவை புள்ளை பெத்தாங்கன்னும் எழுதணும். நான் டைப் பண்ணித் தர்றேன்."

வடிவேல் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அந்தப் புள்ளை..."

"நான்தான் சார்."

கதவுக்கு வெளியே எட்மண்ட் இருமினார். இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

"இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கு?" என்றார் வடிவேல்.

"பதினொண்ணு. ஒரு அம்மாவுக்கு அறுவது வயசுக்கு ரெண்டு மாசம் இருக்கறப்போ ரெட்டைப் புள்ளை."

குறிப்புகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் இன்னும் நாற்பத்தாறு பேருக்கு இருபது வருடம் நிரம்பியது. ஒருவருடையதை நம்பிவிட்டு இன்னொருவருடையதை நம்பாமல் இருக்க முடியாது என்பதை வடிவேலே கண்டுபிடித்தது போலச் சொன்னார். சுசீலா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. எண்பத்தைந்து பெயரோடு பட்டியல் மாலை நாலரைக்கு பேக்ஸில் போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை, சம்மதம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. மீதிப் பத்தொன்பது பேர் நிஜமாகவே பிந்தி வந்தவர்கள். அவர்களுக்கு எந்த டப்பாவிலும் எதுவும் இல்லை. அவர்களில் இரண்டு பேர் சுசீலாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அந்தப் பக்கம் நடந்து போகும்போது இன்றைக்கும் அவளுக்குத் தலை நிமிராது.

பட்டியலைப் பதில் வந்த அன்று சாயங்காலம் லைனில் அம்மாவிடம் படித்துக் காட்டினாள். சுப்பம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"அங்காயி பேரும் இருக்கா?"

"அவங்க செத்து எத்தன வருசமாச்சும்மா? உன் பேருதான் இருக்கு."

"எட்டு வருசம் அந்தப் பேருக்குத்தான் பெரட்டுல பேரு கூப்பிட்டா 'இருக்கேங்க'ன்னு சொன்னேன் புள்ள. எழுதி வச்ச பொம்பள அதையும் எழுதியிருப்பாளே."

"எழுதியிருக்காங்க. ஆளு செத்தாலும் பேர அழிக்கக்கூடாதுன்னும் எழுதியிருக்காங்க."

சுப்பம்மா தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஊதினாள். "படிச்ச பொம்பள" என்றாள்.

பழைய மிஷின் காயலான் கடைக்குப் போவதற்கு முன் கீர்த்திவாசன் எல்லா பைலையும் சிறிய பிளாப்பிகளுக்கு மாற்றி, கோயமுத்தூர் போய் இரண்டு சி.டி.யிலும் எழுதி அனுப்பினான். ஒன்றைச் சுசீலா மேட்டுப்பாளையத்துக்குத் தபாலில் அனுப்பினாள். புரோகிராமின் முதல் வரிகளில், ஜெஸிந்தாவின் பெயருக்குக் கீழே, தன் பெயரையும் 2001 நவம்பர் என்றும் சேர்த்தாள். என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் விரலை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, 'மெமோ தனி பைல். இரண்டையும் எடு' என்று மட்டும் எழுதினாள்.

மீதி சி.டி.யையும் பிளாப்பிகளையும் எடுத்துக்கொண்டு பேக்டரிக்குப் போனபோது லிங்கசாமி புதிதாகத் தூள் முடிச்சுக் கட்டி வைத்திருந்தார். டப்பாவை வாங்கி மூடியை அழுத்திப் பார்த்தார்.

"லேபிளு மங்கிப் போச்சு. என்ன ரகம்னு எழுதட்டும்?"

"அதேதான்" என்றாள் சுசீலா.